டயாலிசிஸ் கட்டிலருகே ஒரு பெரிய எழுத்து வேதாகமம்

எங்கள் திருமணத்தன்று ஆலயத்தில் கையில் கொடுக்கப்பட்ட வேதாகமத்தை என் கணவர் 31 ஆண்டுகள் வாசித்தார். பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்து வேலை பழகியவர் அவர். எவ்வளவு பொடி எழுத்தையும் தலைகீழாகவே வாசித்துவிடுவார். சர்க்கரை நோய் முதலில் அவருடைய விழித்திரையையும், பிறகு இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்தது. ஒரு நாள் மாலை அந்தப் பழைய வேதாகமத்தை விளக்குக்கு நேராக நீட்டிப் பிடித்தும், மூக்கருகே கொண்டுவந்தும் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் மூடித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். மறு வாரமே கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போய்ப் பெரிய எழுத்து வேதாகமம் ஒன்றை வாங்கி வந்தேன். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் நடக்கிற டயாலிசிஸ் சிகிச்சையின்போது இரண்டு ஆண்டுகளாக அது எங்களோடு இருக்கிறது. இதே நிலையில் இருக்கிற குடும்பங்கள் வாங்குவதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு என்பதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நான் வாங்கியது, புராட்டஸ்டன்ட் சபைகளில் ‘பழைய மொழிபெயர்ப்பு’ என்று வழங்கப்படும் பாடத்தின் பெரிய எழுத்துப் பதிப்பு. கறுப்பு மேலட்டை, சுற்றிலும் ஜிப் வைத்த உறை, பக்க ஓரங்களில் புத்தகப் பெயர்களைக் காட்டும் கட்டைவிரல் குறிகள், அடையாளத்துக்கு இரண்டு நாடாக்கள் ஆகியவை இருந்தன. விலை ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. என் கணவர் பெட்டியைப் பிரித்ததும் முதலில் செய்தது, புத்தகத்தின் முதுகைத் திருப்பி மேல்விளிம்பை விரலால் தடவிப் பார்த்ததுதான். பாரம் பாரமாக மடித்து நூலால் தைத்திருக்கிறார்களா, அல்லது வெறும் பசையால் ஒட்டியிருக்கிறார்களா என்பது அச்சக வேலை தெரிந்தவருக்கு அங்கேயே புரிந்துவிடும். தைத்துத்தான் இருந்தது. இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் திறந்து மூடிய பிறகும் ஒரு தாள்கூடக் கழன்று வரவில்லை என்பதை இந்தப் பதிப்பின் பெருமையாகவே சொல்ல வேண்டும்.

கடையில் யாரும் சொல்லாத செய்தி, எடை. வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தபோது உறையோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டு கிலோ இருந்தது. மேசையில் வைத்து வாசிப்பவருக்கு இது பொருட்டில்லை. ஆனால் டயாலிசிஸ் நோயாளிக்கு முன்கையில் ஃபிஸ்டுலா வைத்திருப்பார்கள். தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்த அந்த இடத்தில் விரல் வைத்தால் தேனீ முரலுவதுபோல் ஓர் அதிர்வு தெரியும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது, சிகிச்சை நடக்கும் நான்கு மணி நேரமும் அசைக்கக் கூடாது. மீதமிருக்கிற ஒரு கையால் இரண்டு கிலோ புத்தகத்தை யாரும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. முதல் இரண்டு வாரங்கள் நான் நின்றுகொண்டு பிடித்தேன். அதற்குப் பின், பிள்ளைகளின் பழைய பரீட்சை அட்டை ஒன்றை அவர் வயிற்றின் மேல் ஒரு தலையணையில் சாய்த்துவைத்து, புத்தகத்தை அதன்மேல் கிடத்தி, பக்கத்தைக் கிளிப்பால் பிடித்துவைக்கும் ஏற்பாட்டுக்கு வந்தோம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வாங்குகிறீர்கள் என்றால் முழு வேதாகமத்துக்குப் பதிலாக, சங்கீதம் என்னும் பாடல் புத்தகமும் புதிய ஏற்பாடும் மட்டும் பெரிய எழுத்தில் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதுதான் நெஞ்சின் மேல் நிற்கும்.

இரண்டாவது குறை, தாளைப் பற்றியது. ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை 66 புத்தகங்களையும் ஒரே கட்டில் அடக்குவதற்கு மெல்லிய தாள்தான் வழி; ஆனால் மெல்லிய தாளில் பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கத்தில் நிழலாடுகிறது. நல்ல கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. விழித்திரை கெட்ட கண்ணுக்கோ இரண்டு வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. சிகிச்சை அறையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் இது இன்னும் மோசமாகிறது. இதற்கு மாற்று கண்டுபிடித்தவர் என் கணவர்தான். மந்தமான கறுப்புக் காகிதம் ஒன்றைப் பக்க அளவுக்கு வெட்டி, வாசிக்கிற தாளுக்கு அடியில் செருகச் சொன்னார். பின்பக்க நிழல் உடனே மறைந்துவிட்டது. ஐந்து ரூபாய்க் காகிதம் செய்த இந்த உதவியைப் பதிப்பிப்பவர்களே யோசித்து, ஒரு கறுப்பு அட்டையைப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுத்தால் எத்தனையோ முதியவர்கள் வாழ்த்துவார்கள்.

எழுத்தின் அளவைப் பற்றிக் குறை சொல்ல இடமில்லை. தடித்த, வளைவுகள் அடைபடாத, ஒற்றுப்புள்ளி தெளிவாக நிற்கிற எழுத்து அது. ஆனால் வசன எண்களைப் பழைய பொடி அளவிலேயே விட்டுவிட்டார்கள். “வசனத்தை வாசிக்க முடிகிறது, வசனத்தைக் கண்டுபிடிக்கத்தான் முடியவில்லை” என்று அவர் முதல் நாளே சொன்னார். கட்டைவிரல் குறிகளில் உள்ள எழுத்தும் அப்படியே. இன்னொன்று, சங்கீதங்களைக் கவிதை வரிகளாக உடைக்காமல் ஒவ்வொரு வசனத்தையும் ஒரு பத்தியாகவே ஓடவிட்டிருக்கிறார்கள். கண் எங்கே நின்று மூச்சு வாங்குவது என்று தெரியாமல் போகிறது. ஜிப் உறையை நாங்கள் ஒரே மாதத்தில் கழற்றி வைத்துவிட்டோம், அதன் பல்லில் மாட்டி மத்தேயுவின் முதல் தாள் ஓரம் கிழிந்ததால்.

பழைய மொழிபெயர்ப்பை வாங்குவதா, எளிய நடையில் உள்ள புதிய மொழிபெயர்ப்பை வாங்குவதா என்று என் மகள் கேட்டாள். கண் மங்கியவருக்குச் சொற்கள் தனித்தனியே நிற்பது நல்லது. பழைய மொழிபெயர்ப்போ சொற்களைச் சேர்த்துச் சேர்த்து எழுதும் வழக்கமுடையது. ‘எல்லாவற்றையுஞ்செய்ய’ என்று ஒரே மூச்சில் வரும் சொல்லைத் தடுமாறாமல் கடப்பது எளிதல்ல. ஆனாலும் நான் பழையதையே தேர்ந்தெடுத்தேன்; அது சரியான முடிவு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து அவர் மனப்பாடம் செய்தது அந்தச் சொற்களைத்தான். பாதிச் சொல்லைக் கண் பிடித்துக் கொடுத்தால் மீதிப் பாதியை நினைவு கொண்டுவந்துவிடுகிறது. புதிய நடையில் இருந்திருந்தால் ஒவ்வொரு சொல்லையும் கண்ணே முழுதாகத் தூக்கியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வாங்கும்போது எளிய நடை. அறுபது வயதைக் கடந்து, இந்தப் பாடத்திலேயே வளர்ந்தவருக்கு வாங்கும்போது பழையது. என் கருத்து இதுதான்.

இந்தப் பாடத்தின் வரலாறும் எங்கள் வாசிப்புக்குள் வந்துவிட்டது. தமிழில் புதிய ஏற்பாட்டை முதலில் மொழிபெயர்த்து அச்சிட்டவர் தரங்கம்பாடியில் ஊழியம் செய்த பர்த்தலோமேயு சீகன்பால்க். மொழிபெயர்ப்பைத் தொடங்கிய 1708ஆம் ஆண்டிலேயே டேனிஷ் ஆளுநரின் கோபத்துக்கு ஆளாகி, டான்ஸ்போர்க் கோட்டையில் ஏறக்குறைய நான்கு மாதம் அவர் சிறையிருந்தார். 1714, 1715ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாடு அச்சேறியது. ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்ததாலும், காகிதம் போதாததாலும், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்க்க வேண்டியதாயிற்று என்ற செய்தியைச் சொன்னபோது என் கணவர் வெகுநேரம் சிரித்த முகமாகவே இருந்தார். “அப்படியென்றால் நம்முடைய வேதாகமம் பெரிய எழுத்தில்தானே தொடங்கியிருக்கிறது” என்றார். பின்னர் வந்த பப்ரிசியஸ் சென்னையில் ஊழியம் செய்தவர். தமிழ் வேதாகமத்தைச் செப்பனிடுவதில் ஆயுளின் பெரும்பகுதியைக் கொடுத்தவர். அவரும் முதுமையில் கடனுக்காகச் சிறை சென்று, 1791இல் ஏழையாகவே இறந்தார். 1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்த திருத்திய மொழிபெயர்ப்பைத்தான் நாம் இன்று பழைய மொழிபெயர்ப்பு என்கிறோம்; அதற்கு அடித்தளமாக நின்றது பப்ரிசியஸின் தமிழ். சிறையிலிருந்து அப்போஸ்தலனாகிய பவுல் ஒரு சபைக்கு எழுதிய நிருபத்தை, அதாவது கடிதத்தை, சிறையை அறிந்த இருவர் தமிழாக்கியிருக்கிறார்கள் என்பதை அறிந்த பின் அந்தச் சொற்கள் எங்களுக்கு வேறு கனத்தோடு கேட்டன.

அந்த நிருபம் பிலிப்பியர். நான்கே அதிகாரங்கள், 104 வசனங்கள். இந்தப் பெரிய எழுத்தில்கூட சில பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிறது. இந்தப் புத்தகத்தில் அதிகம் அழுக்கேறிய பக்கங்கள் அவைதான்.

நான்காம் அதிகாரத்தின் பதின்மூன்றாம் வசனத்தை அறியாத தமிழ்க் கிறிஸ்தவர் இருக்க மாட்டார்: ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.’ புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கப்படும் வாக்குத்தத்த அட்டையிலும், சுவர்க் காலண்டரிலும், ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் அதைத் தனியே பார்த்துப் பழகியிருக்கிறோம். தனியே நிற்கும்போது அது தேர்வில் வெற்றி பெறவும் வீடு கட்டவும் கிடைக்கிற பலத்தைப் பற்றிய வசனம்போலத் தோன்றுகிறது. என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது என்று தெரிந்த மாதத்தில் அந்த வசனம் எழுதிய அட்டைகள் மட்டும் நான்கு எங்களுக்கு வந்தன. அன்போடு கொடுத்தவை அவை. ஆனால் அவற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசந்தது. எல்லாவற்றையும் செய்யப் பெலன் உண்டு என்றால், மாடிப்படி நான்கு ஏறுவதற்குள் இவருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

முந்தைய இரண்டு வசனங்களோடு சேர்த்து அதை வாசிக்கக் கற்றுக்கொடுத்தது இந்தப் பெரிய எழுத்துதான் என்றால் மிகையாகத் தோன்றலாம், ஆனாலும் அதுதான் நடந்தது. கண் மங்கியவர் வசன எண்ணைத் தேடிப் பிடித்து நேரே அங்கே போக முடியாது. அதிகாரத்தின் தலைப்பிலிருந்து வரிவரியாக நடந்துதான் அங்கே சேர வேண்டும். அப்படி நடந்து வந்தபோது பதினொன்றாம் வசனத்தில் அவர் நின்றார்: ‘நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்.’ ‘கற்றுக்கொண்டேன்’ என்ற சொல்லின் கீழ் விரலை வைத்து, “பவுலுக்கும் இது பிறவியிலேயே வந்ததில்லை, பார்த்தாயா?” என்று கேட்டார். அச்சுக்கோக்கப் பழகிய நாட்களில் எழுத்துப் பெட்டியின் எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்று கை தானாகவே அறிந்துகொள்ள அவருக்கு ஓர் ஆண்டு பிடித்ததாம். அதுவரை ஒவ்வோர் எழுத்தையும் தேடித்தான் எடுக்க வேண்டும். மனரம்மியமும் அப்படிக் கைப்பழக்கத்தில் வருவதுதான் என்றால் நாமும் தொடங்கலாம் என்றார்.

மனரம்மியம் என்பது இன்று யாரும் பேசாத சொல். மனநிறைவு என்று சொன்னால் உடனே விளங்கும். ஆனால் ரம்மியம் என்பதில் ஓர் அழகு, ஓர் இனிமை இருக்கிறது. நிறைந்துவிட்டது, இனி ஒன்றும் வேண்டாம் என்பதைவிட, உள்ளதற்குள் இதமாகத் தங்கியிருப்பதை அந்தச் சொல் உணர்த்துகிறது. கிரேக்க மூலத்தில் இந்த இடத்தில் பவுல் பயன்படுத்துவது அந்தக் காலத்து ஸ்டோயிக் தத்துவவாதிகள் விரும்பிய ஒரு சொல். தனக்கு வெளியே எதையும் நம்பியிராத, தன்னிலேயே நிறைந்த மனிதனை அவர்கள் அந்தச் சொல்லால் குறித்தார்கள். பவுல் அதே சொல்லை எடுத்து, இரண்டு வசனம் தள்ளி அதன் வேரையே மாற்றி நடுகிறார்: நிறைவு தன்னிடமிருந்து வரவில்லை, பெலப்படுத்துகிற கிறிஸ்துவிடமிருந்து வருகிறது. ஆகவே ‘எல்லாவற்றையும்’ என்பது பன்னிரண்டாம் வசனத்தில் அவரே அடுக்கிய எல்லாவற்றையும்தான்: தாழ்ந்திருப்பது, வாழ்ந்திருப்பது, திருப்தியாயிருப்பது, பட்டினியாயிருப்பது. படி ஏறும் பலத்தை அவர் சொல்லவில்லை. படி ஏற முடியாத நாளிலும் கிறிஸ்துவுக்குள் உடையாமல் இருக்கிற பலத்தைச் சொல்கிறார். இதை விளங்கிக்கொண்ட அன்றுதான் அந்த நான்கு அட்டைகளை நான் மறுபடி எடுத்து வேதாகமத்துக்குள் வைத்தேன்.

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு நோயைவிடப் பெரிய பாடு தாகம். சிறுநீர் பிரியாததால் குடிக்கும் தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கி, நுரையீரலில் கோத்துக்கொள்ளும். அவருக்கு மருத்துவர் விதித்த அளவு, காபி, ரசம், மாத்திரைக்கான தண்ணீர் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டருக்குள். பாளையங்கோட்டையில் சித்திரை மாத வெயிலுக்கு ஒரு லிட்டர் என்பது என்ன என்று சொல்லி விளங்க வைக்க முடியாது. காலையில் அரை லிட்டர் பாட்டில் இரண்டை நிரப்பிவைப்பேன். மாலை நான்கு மணிக்கு இரண்டாவது பாட்டிலில் எத்தனை விரல்கடை மிச்சம் இருக்கிறது என்று அவர் தடவிப் பார்ப்பார். நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது ஒரு துண்டு பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொள்வார்.

அப்படியொரு செவ்வாய்க்கிழமை, ஊசிகள் ஏற்றி, இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு, வரிசைப்படி வர வேண்டிய 42ஆம் சங்கீதத்தை நான் பேசாமல் கடந்துபோகப் பார்த்தேன். ‘மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல’ என்று தொடங்குகிற பாட்டைத் தண்ணீர் மறுக்கப்பட்ட மனிதர் முன் எப்படித் திறப்பது? பக்கம் இரண்டு சேர்ந்து புரண்ட சத்தத்தை அவர் கவனித்துவிட்டார். புத்தகத்தை வாங்கித் தாமே அந்தப் பக்கத்தைத் திருப்பி, கறுப்புக் காகிதத்தைச் செருகி, ஒவ்வொரு சொல்லாக, மிக மெதுவாக வாசித்தார். ‘கதறுவதுபோல’ என்ற சொல்லை இரண்டு முறை வாசித்தார். பிறகு, “இத்தனை நாள் இதை நான் அமைதியான பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். இது தாகத்தால் கதறுகிறவனுடைய பாட்டு. என் தாகத்துக்கு வேதத்தில் இடம் இருக்கிறது” என்றார். அன்று முதல் தாகம் அதிகமாகும் நேரத்தில் அவர் அந்தச் சங்கீதத்தைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. தாகம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. தாகத்தோடு தனியாக இருக்கிற நிலை மாறியது.

இந்த இடத்தில், நோயாளியின் வீட்டுக்கு வேதாகமத்தோடு வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெபிக்க வந்த ஒருவர், முழு விசுவாசம் இருந்தால் இயந்திரத்தை விட்டுவிடலாம், சுகம் வராததற்குக் காரணம் உள்ளே இருக்கும் சந்தேகம்தான் என்று சொன்னார். டயாலிசிஸை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாதிருக்கலாம். ஆனால் சில நாட்களில் உயிர் போகக்கூடிய ஆலோசனை அது. நான் கோபத்தில் எழுந்துவிட்டேன். என் கணவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, இந்தப் பெரிய புத்தகத்தை அவர் மடியில் வைத்து, இரண்டாம் கொரிந்தியர் பன்னிரண்டாம் அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கக் கேட்டுக்கொண்டார். மாம்சத்தில் கொடுக்கப்பட்ட முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டதும், முள் நீங்காமல் ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில் மட்டும் கிடைத்ததும் அங்கே இருக்கிறது. வாசித்து முடித்த அந்த மனிதர் சற்று நேரம் தலை குனிந்திருந்தார். பிறகு எங்கள் பிள்ளைகளுக்காக ஜெபித்துவிட்டுப் போனார். இயந்திரமும் இன்சுலினும் அரசு காப்பீட்டு அட்டையும் தேவனுடைய பராமரிப்புக்கு வெளியே உள்ளவை என்று நாங்கள் ஒருபோதும் எண்ணியதில்லை.

மனரம்மியம் என்றால் யாரிடமும் எதையும் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது என்று நினைத்துக் கொஞ்சக் காலம் நான் அப்படியே நடந்தேன். பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்தால் அந்த எண்ணமும் நிற்காது. தன் உபத்திரவத்தில் பங்கெடுத்தது நல்ல காரியம் என்று பவுல் பிலிப்பி சபையாருக்கு உடனே எழுதுகிறார். அந்தக் காலத்துச் சிறையில் சாப்பாடும் உடையும் வெளியிலிருந்து வர வேண்டும். அவற்றைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து வழியிலோ வந்த பின்போ சாகும் அளவுக்கு நோய்ப்பட்டதையும் பவுல் சொல்கிறார். எங்களுக்கும் ஓர் எப்பாப்பிரோதீத்து வந்தார். சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் ஆகாது என்பதால் காய்களை நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். ஒரு முறை நான் அடுப்படியில் அதைச் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் சபைப் பெண் ஒருவர், மறு சனிக்கிழமை நாங்கள் சிகிச்சை முடிந்து திரும்பும்போது வாசலில் தூக்குப் பாத்திரத்தோடு நின்றார். “அண்ணாச்சிக்கு அவரைக்காய் வச்சிருக்கேன், ரெண்டு தண்ணி கொட்டிட்டேன்” என்றார். கைப்பிடி அரிசி எடுத்துவைத்துச் சபையைத் தாங்கிய பாட்டிமார்களின் பேத்தி அவர். அதற்குப் பின் பல சனிக்கிழமைகள் அந்தத் தூக்குப் பாத்திரம் வந்தது. நான் மறுக்கவில்லை. வாங்கிக்கொள்வதும் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

கைபேசியில் ஒலி வேதாகமம் கேட்கலாமே என்று பலரும் சொன்னார்கள். கேட்கிறோம். சிகிச்சையின் நான்காவது மணியில் ரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்போது கண்ணைத் திறக்கவே முடியாது. அப்போது காதில் ஓடும் வசனமே துணை. ஆனால் ஒலி தன் வேகத்தில் போய்விடுகிறது. ஒரு சொல்லின் கீழ் விரலை வைத்துக்கொண்டு, அதை விடாமல், பத்து நிமிடம் இருக்க வேண்டும் என்றால் அச்சுத்தான் வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை.

யாருக்கு இந்தப் பதிப்பைப் பரிந்துரைப்பேன் என்றால், உட்கார்ந்து வாசிக்கக்கூடிய, பழைய மொழிபெயர்ப்பைக் காதால் அறிந்த, பார்வை மங்கத் தொடங்கிய யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். பார்வை முற்றிலும் போகும்வரை காத்திருக்காமல் முன்பே வாங்குங்கள். நாங்கள் ஓர் ஆண்டு தாமதித்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. கடையில் வாங்கும்போது புத்தகத்தை நடுவில் திறந்து பார்த்துத் திருப்தியடையாதீர்கள். நடுவில் எந்தப் புத்தகமும் தட்டையாக விரியும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தையும், வெளிப்படுத்தலின் கடைசி அதிகாரத்தையும் திறந்துவைத்துக் கையை எடுத்துப் பாருங்கள். தாளின் பின்நிழலை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளித் தூள் பூசிய பளபளப்பான ஓரம் வேண்டாம். புதிதில் தாள்கள் ஒட்டிக்கொண்டு, உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளியின் விரலுக்குப் பிரிக்க வராது.

ஒரு கெட்ட செய்தியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடந்த ஆறு மாதமாக அவருக்கு இந்தப் பெரிய எழுத்தும் தெரியவில்லை. அதிகாரத் தலைப்புகளை மட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து வாசிக்கிறார். மற்றதை நான் வாசிக்கிறேன். அதைச் சொன்ன அன்று அவர் அழுதார், நானும் அழுதேன். அன்று வாசிக்க எடுத்தது 88ஆம் சங்கீதம், ஆறுதலான முடிவு ஏதும் இல்லாத புலம்பல். அதை முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டோம், வேறு எதையும் தேடிப்போகவில்லை. ஆனாலும் அவர் ஒன்றரை ஆண்டு தம் கண்ணால் வாசித்தவை வீண்போகவில்லை. போன வாரம் பிலிப்பியரை வாசிக்கும்போது ஒரு வரியைத் தவறவிட்டுவிட்டேன். ‘பரிபூரணமடையவும் குறைவுபடவும்’ என்று விட்டதை அவரே கண்ணை மூடியபடி எடுத்துக் கொடுத்தார். கை, பெட்டியின் கட்டங்களை அறிந்துகொண்டுவிட்டது.

குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்தில் கொடுத்த ஓலைச் சிலுவையை அந்தப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். ஓலை காய்ந்து, தாளில் இளம்பழுப்பு நிறத்தில் சிலுவைக் கறை ஒன்று படிந்திருக்கிறது. அச்சுத் தொழிலாளிக்குத் தாளில் கறை என்றால் பிடிக்காது. இதை அவரிடம் சொன்னபோது விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றார்.

இப்போது அடுத்த கட்டிலில் சிகிச்சை பெறுகிற முதியவர் ஒருவர் எங்கள் வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நெற்றியில் திருநீறு இட்டு வருபவர், விவசாயம் செய்தவர். அவருக்கும் தண்ணீர் கட்டுப்பாடுதான், முக்கால் லிட்டர். சனிக்கிழமை நாங்கள் எழுந்திருக்கும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, அந்த மான் பாட்டை இன்னொருக்கா படிச்சிட்டுப் போங்களேன்” என்றார். ஆட்டோ காத்திருந்ததால் அன்று முடியவில்லை. ஓலைச் சிலுவையை 42ஆம் சங்கீதத்துக்கு மாற்றி வைத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை போனதும் எடுப்பதற்கு.